சென்னை மாகாணத்தில் சிறார் குற்ற வழக்குகள், 1920–1960: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பழைய தீர்ப்பு நகல், சிறைப் பதிவேட்டின் ஒரு பக்கம், தாத்தா பெட்டியில் கிடந்த ஒரு ‘ரிலீஸ்’ சீட்டு என்று ஏதாவது ஒன்றைக் கையில் வைத்துக்கொண்டு கேட்பவர்களுக்காக இந்தப் பக்கம். அன்றைய சட்டங்கள் பெரும்பாலும் இன்று இல்லை. ஆவணத்தைப் படிக்க அவை தெரிந்தாக வேண்டும்.

கையில் ஒரு பழைய தீர்ப்பு இருக்கிறது. முதலில் எதைப் பார்க்க வேண்டும்?

குற்றம் என்ன என்று பார்க்கும் முன்பே மூன்றைக் குறித்துக்கொள்ளுங்கள்: வயது, தீர்ப்புத் தேதி, ஊர். ஒரே திருட்டுக்கு 15 வயதுப் பையன் செங்கல்பட்டு சர்டிபைடு பள்ளிக்கும் (சிறுவர் சீர்திருத்தப் பள்ளி), 17 வயதுப் பையன் போர்ஸ்டல் பள்ளிக்கும் (சற்றே பெரிய இளங்குற்றவாளிகளை அடைத்துத் தொழில் கற்பித்த இடம்), 22 வயது ஆள் மத்தியச் சிறைக்கும் போன காலம் அது.

ஊரை ஏன் பார்க்க வேண்டும்? புதுக்கோட்டை 1948 மார்ச் வரை தனி சமஸ்தானம். கன்னியாகுமரியும் செங்கோட்டையும் 1956 நவம்பர் 1 வரை சென்னை ராஜ்யத்தில் இல்லை. நாகர்கோவில் கோர்ட்டின் 1950ஆம் வருடத் தீர்ப்பைச் சென்னைச் சட்டத்தை வைத்துப் படித்தால் ஒன்றும் பொருந்தாது. மாகாணத்துக்குள்ளும் 1920இன் சிறார் சட்டம் அரசு அறிவிக்கையின் மூலமே நடைமுறைக்கு வந்தது. வழக்கு நடந்த இடத்தில் அன்றைக்கு அது அமலில் இருந்ததா என்று பார்த்துக்கொள்வது நல்லது.

எத்தனை சட்டங்கள் ஒரே நேரத்தில் இருந்தன?

பல, ஒன்றன்மேல் ஒன்றாக. அடியில் 1860இன் இந்திய தண்டனைச் சட்டம், 1898இன் குற்றவியல் நடைமுறைச் சட்டம். அதற்குமேல் 1897இன் சீர்திருத்தப் பள்ளிகள் சட்டம். 1919–20இல் இந்தியச் சிறைகளை ஆராய்ந்த கார்டியூ குழு, பிள்ளைகளைச் சிறைக்கு அனுப்புவதே கூடாது என்றது. இந்தியாவிலேயே முதல் சிறார் சட்டம் 1920இல் சென்னையில்தான் வந்தது. வங்காளம் 1922இலும் பம்பாய் 1924இலும் பின்தொடர்ந்தன. பிறகு 1926இன் 5ஆம் எண் சட்டமாகப் போர்ஸ்டல் பள்ளிகள் சட்டம். 1937இன் 3ஆம் எண் சட்டமாக, குற்றவாளியைச் சிறைக்கு அனுப்பாமல் கண்காணிப்பில் விடும் நன்னடத்தைச் சட்டம். இது ‘1936ஆம் வருடச் சட்டம்’ என்ற பெயரில்தான் வழங்கும். இந்த வருட வேறுபாட்டைப் பார்த்து நகலில் பிழை என்று நினைத்துவிட வேண்டாம்.

புதிய சட்டம் வந்ததும் பழையது தானாக ஒழிந்துவிடவில்லை. பழைய தீர்ப்புகளில் குழப்பம் பெரும்பாலும் இங்கிருந்துதான் வருகிறது.

எத்தனை வயது வரை குற்றமே இல்லை?

7 வயது நிரம்பாத பிள்ளை எதைச் செய்தாலும் குற்றம் ஆகாது (தண்டனைச் சட்டம், பிரிவு 82). 7க்கு மேல் 12க்குள் இருந்தால், செய்த செயலின் தன்மையும் விளைவும் புரியும் அளவுக்கு அறிவு முதிராதவனாக இருந்தால் மட்டுமே விலக்கு (பிரிவு 83). “பையனுக்கு வயது 10” என்று சொன்னால் போதாது, விவரம் தெரியாத பிள்ளை என்பதையும் எதிரித் தரப்பு (குற்றம் சாட்டப்பட்டவன் தரப்பு) காட்ட வேண்டும். கோர்ட்டுகள் இதைப் பெரும்பாலும் நடத்தையிலிருந்தே ஊகித்தன: திருடியதைப் புதைத்தானா, ஓடினானா, பொய் சொன்னானா. 1950இல் ஒரிசா உயர் நீதிமன்றத்தில் வந்த வழக்கில் பையனுக்கு 11 கடந்து 12 நிரம்பவில்லை. கத்தியை எடுத்து, வெட்டிவிடுவேன் என்று மிரட்டிக்கொண்டே முன்னேறிக் குத்தியிருந்தான். மிரட்டிய சொல்லே அவனுக்கு விளைவு தெரியும் என்பதற்குச் சான்றாகிவிட்டது.

ரயில்வே மட்டும் தனி உலகம். 1890இன் ரயில்வே சட்டம், பிரிவு 130, 12 வயதுக்குட்பட்ட பிள்ளை ரயில்மேல் கல் எறிந்தாலோ தண்டவாளத்தில் எதையாவது வைத்தாலோ, 82, 83 பிரிவுகள் என்ன சொன்னாலும் அது குற்றமே என்றது. ஆண் பிள்ளைக்குப் பிரம்படி, அல்லது தகப்பனிடம் முச்சலிக்கா (எழுதி வாங்கும் உறுதிப் பத்திரம்). எழுத்தின்படி பார்த்தால் 6 வயதுப் பிள்ளை கொலைக்குப் பொறுப்பாளி அல்ல, ரயில்மேல் எறிந்த கல்லுக்குப் பொறுப்பாளி.

வயதை எந்தத் தேதியில் கணக்கிட்டார்கள்?

அதிகம் தவறாகப் படிக்கப்படுவது இதுதான். ஒரே தேதி கிடையாது, சட்டத்துக்குச் சட்டம் மாறும்.

82, 83 பிரிவுகளுக்குச் செயல் நடந்த நாள். நடைமுறைச் சட்டத்தின் 29-பி பிரிவின்படி 15 வயதுக்குட்பட்டவனை எந்த மாஜிஸ்திரேட் விசாரிக்கலாம் என்று தீர்மானிக்க, அவன் கோர்ட்டில் ஆஜரான நாள். சீர்திருத்தப் பள்ளிகள் சட்டம், சிறார் சட்டம், போர்ஸ்டல் சட்டம் மூன்றுக்கும் குற்றவாளி என்று தீர்மானித்த நாள். 1958இன் மத்திய நன்னடத்தைச் சட்டத்தில் 21 வயதுக்குட்பட்டவருக்கான பாதுகாப்புக்கு எந்த நாள் என்ற கேள்வி உச்ச நீதிமன்றம் வரை போனது. விசாரணை கோர்ட்டு தண்டனை விதிக்கும் நாள்தான், குற்றம் நடந்த நாள் அல்ல என்று 1962 டிசம்பரில் தீர்ந்தது.

இதன் விளைவை ஓர் உதாரணத்தில் பார்க்கலாம். சிறார் சட்டம் 14 வயது நிரம்பாதவரைக் ‘குழந்தை’ என்றும், 14 முதல் 16 வரை ‘இளைஞர்’ என்றும் பிரித்தது. பின்னாளில் மேல்வரம்பு 18 ஆனது. 16 என்ற வரம்பு நடப்பில் இருந்தபோது, 15 வயதும் 10 மாதமும் ஆன பையன் ஒரு வீட்டில் வெண்கலப் பானையைத் திருடிப் பிடிபடுகிறான் என்று வையுங்கள். அடுத்த மாதமே தீர்ப்பானால் சர்டிபைடு பள்ளி. சாட்சி வரவில்லை, மாஜிஸ்திரேட் முகாமில் இருக்கிறார் என்று மூன்று வாய்தா தள்ளினால் அவனுக்கு 16 நிரம்பிவிடும். சிறார் சட்டத்தின் கதவு மூடிவிடும். மிச்சம் இருப்பது போர்ஸ்டல், அல்லது சிறை. அதே பையன், அதே பானை. தாமதம் யாரால் வந்தது என்று சட்டம் கேட்கவில்லை. அந்தக் காலச் சட்டத்தில் பெரிய ஓட்டை எது என்றால் இதைத்தான் சொல்ல வேண்டும்.

ஆகவே தீர்ப்பில் வயதைப் பார்த்தவுடன், அது கைதான அன்று எழுதியதா, சார்ஜ் ஷீட்டில் இருந்து பெயர்த்து எழுதியதா, தீர்ப்பன்று மறுபடி விசாரித்து எழுதியதா என்று பாருங்கள். பல நகல்களில் முதல் நாள் ஏட்டு கண்ணால் பார்த்து எழுதிய எண்தான் கடைசிவரை வந்திருக்கும்.

வயதுக்கு அன்று என்ன அத்தாட்சி கொடுத்தார்கள்?

முதல் அத்தாட்சி பிறப்புப் பதிவேடு. 1899இன் சென்னை பிறப்பு இறப்புப் பதிவுச் சட்டப்படி கிராமத்தில் முன்சீப் எழுதி, தாலுகா அலுவலகத்துக்கு அனுப்பிய கணக்கு. தாலுகாவில் மனுப்போட்டு நகல் வாங்கலாம். சிக்கல் எங்கே என்றால், பிறந்த சில நாளில் எழுதுவதால் பல பதிவுகளில் பெயர் இராது. ‘ஆண் குழந்தை’ என்றும் தகப்பன் பெயரும் மட்டும் இருக்கும். அந்தத் தகப்பனுக்கு நான்கு ஆண் பிள்ளைகள் என்றால், கூண்டில் நிற்பவன் அந்த வரியில் உள்ளவனா, அவன் அண்ணனா என்று வாய்மொழிச் சாட்சி வைத்து இணைக்க வேண்டும். இணைக்காமல் நகலை மட்டும் நீட்டிய வழக்கில் அது பயன்படாமல் போயிருக்கும்.

பள்ளிச் சான்றிதழ் இருந்தால் உண்டு. ஆனால் சேர்க்கும்போது வயதைக் கூட்டியோ குறைத்தோ சொல்லும் வழக்கம் எல்லா மாஜிஸ்திரேட்டுக்கும் தெரியும். ஜாதகம் கொடுத்தால், கணித்தவரைக் கூப்பிட்டு விசாரிக்காதவரை அதற்கு மதிப்புக் குறைவு.

மிச்சம் டாக்டர். எக்ஸ்ரே எளிதில் கிடைக்காத இடங்களில் பல், உயரம், எடை, மீசை முளைப்பு. இரண்டாம் கடைவாய்ப்பல் 12–14 வாக்கில் வரும். ஞானப்பல் 17க்கு மேல்தான், சிலருக்கு 25 வரை கூட. எக்ஸ்ரே இருந்தால் முழங்கை, மணிக்கட்டு, இடுப்பெலும்பு விளிம்பு ஆகியவற்றில் எலும்பு முனைகள் கூடிவிட்டனவா என்று பார்ப்பார்கள். இதில் இரண்டு வருடம் வரை முன்பின் போகலாம். வரம்போ 16, பிசகோ இரண்டு வருடம் என்றால், ‘சுமார் 16’ என்ற சான்றிதழை எந்தப் பக்கமும் திருப்பலாம். திருப்பினார்கள். கோர்ட்டு விசாரித்து ஒரு வயதைத் தீர்மானித்துவிட்டால், அது தவறு என்று பின்னால் தெரிந்தாலும் அதனால் மட்டும் உத்தரவு செல்லாமல் போகாது என்றும் சிறார் சட்டத்தில் இருந்தது.

பிடிபட்ட பிள்ளையைப் போலீஸ் லாக்கப்பில் வைக்கலாமா?

சிறார் சட்டம் நடப்பில் இருந்த இடத்தில், உடனே கோர்ட்டில் ஆஜர்செய்ய முடியாவிட்டால் ஸ்டேஷன் அதிகாரி ஜாமீனில் விட வேண்டும் என்பதே விதி. குற்றம் மிகக் கடுமையானது, வெளியே விட்டால் கெட்ட சகவாசத்தில் சேர்வான், விடுவது நீதிக்கே பாதகம் — இப்படி ஒன்று இருந்தால்தான் பிடித்து வைக்கலாம். அப்போதும் சிறையில் அல்ல, பாதுகாப்பான இடத்தில். பெற்றோருக்குத் தகவல் சொல்வதும் அவர்களைக் கோர்ட்டுக்கு வரவழைப்பதும் கட்டாயம். கொலை போன்ற வழக்கிலும் 16 வயதுக்குட்பட்டவருக்கு ஜாமீன் தரலாம் என்று நடைமுறைச் சட்டத்தின் 497ஆம் பிரிவே இடம் விட்டிருந்தது. பெண்களுக்கும் நோயாளிகளுக்கும் உள்ள அதே சலுகை.

நடைமுறையில் உதைத்த இடம் ‘பாதுகாப்பான இடம்’ என்ற சொல். சென்னை நகரத்தில் அதற்கென இல்லம் இருந்தது. தாலுகா ஊரில் எது பாதுகாப்பான இடம்? ஆவணத்தில் ‘சப்-ஜெயில்’ என்று பார்த்தால் திடுக்கிட வேண்டாம்.

எல்லா ஊரிலும் தனிச் சிறார் கோர்ட்டு இருந்ததா?

இல்லை. தனிக் கோர்ட்டு இல்லாத இடத்தில் வழக்கமான மாஜிஸ்திரேட்டே, முடிந்தால் வேறு அறையிலோ வேறு நேரத்திலோ உட்கார்ந்து விசாரிக்க வேண்டும்.

சிறுவர்களுக்குத் தூக்கும் தீவாந்தர சிட்சையும் உண்டா?

சிறார் சட்டத்தின் வயதுக்குள் இருந்தால் கிடையாது. மரண தண்டனை, தீவாந்தர சிட்சை (கடல் கடத்தி அனுப்பும் தண்டனை), சிறை மூன்றையும் 22ஆம் பிரிவு தடுத்தது. ஒரே விலக்கு: 12 நிரம்பியவன் அடங்காதவன் அல்லது மிகவும் கெட்டுப்போனவன், பள்ளிக்குத் தகுதியில்லாதவன், வேறு வழியும் இல்லை என்று கோர்ட்டு எழுத்தில் சான்று கொடுத்தால் சிறைக்கு அனுப்பலாம். சிறைப் பதிவேட்டில் 13 வயது என்று கண்டால் இந்தச் சான்றைத் தேடுங்கள். கொலை போன்ற பெருங்குற்றம் என்றால் பையனைக் காவலில் வைத்துவிட்டு அரசுக்கு அறிக்கை அனுப்ப வேண்டும்.

அந்த வயதைத் தாண்டியவனுக்குத் தண்டனைச் சட்டம் எந்த விலக்கும் தரவில்லை. 1955 திருத்தத்துக்கு முன், கொலை வழக்கில் தூக்கு விதிக்காவிட்டால் ஏன் விதிக்கவில்லை என்று செஷன்ஸ் நீதிபதி காரணம் எழுத வேண்டும் (நடைமுறைச் சட்டம், பிரிவு 367, உட்பிரிவு 5). அந்தக் காரணமாக அடிக்கடி வந்து உட்கார்ந்தது இளவயதுதான். அந்தத் திருத்தம் 1956 ஜனவரி 1 முதல் அந்த நிபந்தனையை எடுத்தது. ‘தீவாந்தரம்’ என்ற சொல்லும் அப்போதுதான் ‘ஆயுள் சிறை’ ஆனது.

‘15 அடி’ என்று மட்டும் தீர்ப்பில் இருக்கிறது. என்ன அது?

பிரம்படி. 1909இன் கசையடிச் சட்டப்படி, 16 வயதுக்குட்பட்டவனுக்கு மற்ற தண்டனைக்குப் பதிலாகப் பெரும்பாலான குற்றங்களுக்குப் பிரம்படி விதிக்கலாம். பெரியவர்களுக்கு உச்சவரம்பு 30 அடி, 16க்குட்பட்டவர்களுக்கு 15. பெரியவர்களுக்கான பிரம்பு அரை அங்குலத்துக்குக் குறையாத விட்டம் உள்ளதாக இருக்க வேண்டும்; சிறுவர்களுக்கு எந்தப் பிரம்பு, உடம்பில் எந்த இடம் என்பதை மாகாண அரசு தீர்மானிக்கும். தவணை முறையில் அடிக்கக் கூடாது. உடல்நிலை தாங்காது என்றால் அடிக்கவே கூடாது. பெண்களுக்குக் கிடையாது.

தீர்ப்பில் பள்ளி, நன்னடத்தை என்ற பேச்சே இல்லாமல் இது மட்டும் இருந்தால் ஆச்சரியமில்லை. பையனை அன்றைக்கே வீட்டுக்கு அனுப்பிவிடலாம், அரசுக்குச் சோற்றுச் செலவில்லை. 1955இல் கசையடி ஒழிப்புச் சட்டம் வந்த பிறகு தேதியிட்ட தீர்ப்பில் பிரம்படி இருந்தால் நகலில்தான் ஏதோ கோளாறு.

சர்டிபைடு பள்ளிக்கும் போர்ஸ்டலுக்கும் என்ன வித்தியாசம்?

வயதும் சட்டமும். செங்கல்பட்டில் 1887 முதல் இருந்த சீர்திருத்தப் பள்ளி, சிறார் சட்டத்துக்குப் பின் சீனியர் சர்டிபைடு பள்ளி ஆனது. ஜூனியர் பள்ளி 14க்குட்பட்டவர்களுக்கு, சீனியர் அதற்கு மேல். பிற்காலத்தில் இதே இடங்களை ‘அப்ரூவ்டு பள்ளி’ என்று எழுதினார்கள், இரண்டும் ஒன்றே. போர்ஸ்டல் 16 முதல் 21 வயது வரை உள்ளவர்களுக்கு. முதலில் தஞ்சாவூரிலும் பிறகு பாளையங்கோட்டையிலும் நடந்தது.

போர்ஸ்டல் உத்தரவு சிறைத் தண்டனைக்குப் பதிலாக வருவது. குறைந்தது 2 வருடம், அதிகபட்சம் 5. எப்படியும் 23 வயதைத் தாண்டக் கூடாது. சிறையில் மூன்று மாதம் போட்டிருக்கக்கூடிய வழக்கில் பையன் இரண்டு வருடம் உள்ளே இருந்ததன் காரணம் இதுதான். தச்சு, நெசவு, தையல் என்று ஒரு தொழிலைக் கற்றுக்கொடுக்க மூன்று மாதம் போதாது என்பது சட்டம் எழுதியவர்கள் வாதம். கூலிக்குப் போகும் பிள்ளையை இரண்டு வருடம் இழக்கும் குடும்பத்துக்கு அது தண்டனைக் குறைப்பாகத் தெரிந்திருக்காது, மூன்று மாதமே மேல் என்று அப்பீல் போனால் அதில் நியாயம் இருந்தது.

கெட்ட பழக்கமோ கெட்ட சகவாசமோ இருப்பதால் பயிற்சி தேவை என்று கோர்ட்டு முடிவுக்கு வந்திருக்க வேண்டும். முதல்முறை, தற்செயலாக ஒரு சண்டையில் சிக்கியவனைப் போர்ஸ்டலுக்கு அனுப்பிய உத்தரவு அப்பீலில் நிற்பது கடினம்.

பிரிவு 562 என்று போட்டு விடுதலை செய்திருக்கிறார்கள். நிரபராதி என்று அர்த்தமா?

இல்லை. இது நடைமுறைச் சட்டத்தின் 562ஆம் பிரிவு. குற்றம் ருசு (நிரூபணம்), தண்டனை மட்டும் நிறுத்தம். முன் தண்டனை இல்லாதவனை மூன்று வருடத்துக்கு மேற்படாத காலத்துக்கு நன்னடத்தை முச்சலிக்கா வாங்கிக்கொண்டு விடுவது 562. 21 வயதுக்குட்பட்டவருக்கும் பெண்களுக்கும் மரணமோ தீவாந்தரமோ விதிக்கத்தக்க குற்றம் தவிர எதற்கும் இது கிடைக்கும். 21 நிரம்பிய ஆணுக்கு ஏழு வருடத்துக்கு மேற்படாத தண்டனை உள்ள குற்றங்களுக்கு மட்டும். சிறு திருட்டு போன்றவற்றில் முச்சலிக்காகூட இல்லாமல் கண்டித்து அனுப்பவும் 562 (1-ஏ) இடம் தந்தது.

இதில் ஒரு நடைமுறை முடிச்சு உண்டு. இரண்டாம் வகுப்பு சப்-மாஜிஸ்திரேட்டுக்குத் தனி அதிகாரம் தரப்படாவிட்டால், அவர் தாமே 562 கொடுக்க முடியாது. தம் கருத்தை எழுதி, வழக்குக் கட்டை முதல் வகுப்பு மாஜிஸ்திரேட்டுக்கோ சப்-டிவிஷனல் மாஜிஸ்திரேட்டுக்கோ அனுப்ப வேண்டும். அவரே ஆறு மாதம் வரை சிறையும் 200 ரூபாய் வரை அபராதமும் போடலாம். அதற்கு யாரையும் கேட்க வேண்டாம். இளகிய தீர்ப்புக்குக் காகித வேலை அதிகம், கடுமைக்குக் குறைவு. இது பிள்ளைகளுக்குச் சாதகமான ஏற்பாடு அல்ல.

562இல் கண்காணிக்க ஆள் கிடையாது. 1936 சட்டம்தான் சென்னையில் நன்னடத்தை அலுவலரைக் கொண்டுவந்தது. 1958இன் மத்திய சட்டம் ஒருபடி மேலே போனது. ஆயுள் சிறைக்குரியதல்லாத குற்றத்தில் 21 வயதுக்குட்பட்டவரைச் சிறைக்கு அனுப்ப வேண்டுமானால், முதலில் நன்னடத்தை அலுவலரின் அறிக்கையை வரவழைக்க வேண்டும், பிறகு வேறு வழி ஏன் பொருந்தாது என்று காரணம் எழுத வேண்டும் (பிரிவு 6). அதன்படி பயன்பெற்றவருக்கு அந்தத் தண்டனையால் வேலை முதலியவற்றில் தகுதியிழப்பு வராது என்று 12ஆம் பிரிவு சொன்னது. 562இல் இந்த வசதி இல்லை. உறவினர் ஒருவர் ‘விடுதலையாகியும்’ அரசு வேலை கிடைக்கவில்லை என்றால் எந்தச் சட்டத்தில் விடுதலை என்று பாருங்கள்.

பையனுக்கு அபராதம் போட்டால் யார் கட்ட வேண்டும்?

தகப்பனோ காப்பாளரோ. அவரைக் கண்டுபிடிக்க முடியவில்லை, அல்லது அவர் கவனக்குறைவுக்கும் குற்றத்துக்கும் தொடர்பில்லை என்றால் மட்டும் விலக்கு.

எந்தக் குற்றமும் செய்யாத பிள்ளையின் பெயர் சர்டிபைடு பள்ளிப் பதிவேட்டில் ஏன் இருக்கிறது?

பிச்சை எடுத்த பிள்ளை, அநாதை, பெற்றோர் சிறையில் இருக்கும் பிள்ளை, திருடர்களோடு திரிந்த பிள்ளை — இவர்களையும் கோர்ட்டு அதே பள்ளிக்கு அனுப்பலாம். விபசாரத் தடுப்புக்கான 1930ஆம் வருடச் சென்னைச் சட்டத்தில் மீட்கப்பட்ட பெண் பிள்ளைகள் இன்னொரு வழி. ஆக, பதிவேட்டில் பெயர் இருப்பதால் மட்டும் அவர் குற்றவாளி என்று எடுத்துக்கொள்ளக் கூடாது. எந்தப் பிரிவின்கீழ் வந்தார் என்ற பத்தியைப் பாருங்கள்.

ரேகைச் சட்டத்தில் பிள்ளைகளும் வந்தார்களா?

வந்தார்கள். கைரேகை பதிய வைத்ததால் மக்கள் வாயில் ரேகைச் சட்டம் என்று நிலைத்த குற்றப் பரம்பரைச் சட்டம் (1911, பிறகு 1924), 6 வயதுக்கு மேல் 18க்குட்பட்ட பிள்ளைகளைப் பெற்றோரிடமிருந்து பிரித்துத் தொழிற்பள்ளியிலோ சீர்திருத்தப் பள்ளியிலோ வைக்க அரசுக்கு அதிகாரம் தந்தது. இதற்குப் பிள்ளை எதையும் செய்திருக்க வேண்டியதில்லை. பிறந்த சாதி போதும். மதுரைப் பக்கம் ரேகைப் பதிவை எதிர்த்த பெருங்காமநல்லூரில் 1920 ஏப்ரல் 3 அன்று துப்பாக்கிச் சூட்டில் 16 பேர் இறந்தார்கள். சிறைக்குப் பிள்ளையை அனுப்பாதே என்ற சட்டத்தை இந்த மாகாணம் போட்டதும் அதே வருடம்தான்.

சென்னையில் அது 1947இல் ரத்தானது, நாடு முழுக்க 1952 ஆகஸ்ட் 31இல். சென்னை 1948இல் அதன் இடத்தில் வழக்கக் குற்றவாளிகள் கட்டுப்பாட்டுச் சட்டத்தைப் போட்டது. அது சாதியை அல்ல, தனி ஆளின் முன் தண்டனைகளைப் பார்ப்பதாகச் சொன்னது. ஆகவே 1948க்குப் பிந்தைய கண்காணிப்பு உத்தரவில் சாதிப் பெயர் மட்டுமே காரணமாக இருந்தால், அது சட்டப்படி நிற்காத உத்தரவு.

1960ஆம் வருட மத்தியச் சிறார் சட்டம் சென்னைக்குப் பொருந்தியதா?

பொருந்தவில்லை. அது யூனியன் பிரதேசங்களுக்கு மட்டும். அதில் ஆண் பிள்ளை 16, பெண் பிள்ளை 18 என்று வேறு வரம்பு. ஆதரவற்ற பிள்ளைக்கு நல வாரியம், குற்றம் செய்த பிள்ளைக்குச் சிறார் கோர்ட்டு என்று இரண்டாகப் பிரித்தது. சென்னை தன் 1920 சட்டத்தையே வைத்துக்கொண்டது. 1986இல் நாடு முழுமைக்கும் ஒரே சட்டம் வந்தபோதுதான் அது போயிற்று.

ஆவணங்களை எங்கே தேடுவது?

அரசாணைகளுக்கும் சிறைத்துறை ஆண்டறிக்கைகளுக்கும் எழும்பூர் தமிழ்நாடு ஆவணக் காப்பகம். தீர்ப்பு அச்சில் வந்திருந்தால் இந்தியன் லா ரிப்போர்ட்ஸ் சென்னைத் தொடரிலோ மெட்ராஸ் லா ஜர்னலிலோ கிடைக்கும். மாஜிஸ்திரேட் கோர்ட்டின் சில்லறை வழக்குக் கட்டுகளைக் குறிப்பிட்ட காலத்துக்குப் பின் அழித்துவிடுவார்கள். ஆனால் வழக்குப் பதிவேடு கட்டைவிட நீண்டகாலம் இருக்கும். கட்டு இல்லை என்று சொன்னால் திரும்பிவிடாமல் பதிவேட்டைக் கேளுங்கள். வழக்கு எண், பிரிவு, தீர்ப்புத் தேதி, வயது நான்கும் அதில் ஒரே வரியில் இருக்கும்.